மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி

இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பலர் எழுதும் விடை 2/5. மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 2. கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 5. பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஐந்தில் பாதி இரண்டரை. அப்படியானால் 2/5 என்பது பாதியைவிடக் குறைவு. உங்களிடம் அரைத் தட்டு கேசரி இருக்கிறது. அதோடு இன்னொரு பங்கும் வந்து சேர்கிறது. சேர்ந்த பிறகு பார்த்தால் அரைத் தட்டுகூட இல்லை! கேசரி எங்கே போனது?

ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘பகுதி எண்ணைச் சமப்படுத்து’ என்று எழுதுவார். அடுத்த முறை மாணவரும் சமப்படுத்துவார், விடையும் சரியாக வரும். ஆனால் ஏன் சமப்படுத்துகிறோம் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பின்னத்தில் கீழே இருப்பது பகுதி எண், மேலே இருப்பது தொகுதி எண் என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பகுதி எண் எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அதற்கு முன், 2/5 என்று எழுதியவருக்காகக் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அவர் செய்தது அர்த்தமே இல்லாத காரியம் அல்ல. ஒரு புதிர்ப் போட்டியில் முதல் சுற்றில் 2 கேள்விகள். நீங்கள் 1 கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னீர்கள். இரண்டாம் சுற்றில் 3 கேள்விகள். அதிலும் 1 சரி. மொத்தம் 5 கேள்விகளில் 2 சரி, அதாவது 2/5. இது முற்றிலும் சரியான கணக்கு. ஆனால் இது கூட்டல் அல்ல. இங்கே முதல் சுற்று ஒரு முழுமை, இரண்டாம் சுற்று வேறொரு முழுமை. இரண்டையும் கலந்துவிட்டோம். 1/2 + 1/3 என்று எழுதும்போது ஒரே தட்டு கேசரியில் பாதியையும், அதே அளவுள்ள தட்டில் மூன்றில் ஒரு பங்கையும் பற்றிப் பேசுகிறோம்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1/2, 2/4 இரண்டும் ஒரே அளவு. எனவே 1/2 இருக்கும் இடத்தில் 2/4 போட்டாலும் விடை மாறக்கூடாது. ஆனால் மேலும் கீழும் கூட்டும் முறையில் 2/4, 1/3 ஆகியவை 3/7 ஆகிவிடும். 10/20 என்று போட்டால் 11/23 ஆகிவிடும். ஒரே அளவை வேறு மாதிரி எழுதியதற்கே விடை மாறுகிறது என்றால், அந்த முறை கூட்டலாக இருக்க முடியாது.

சரி, பகுதி எண்ணுக்கு வருவோம். இடைநிலைப்பள்ளியில் கணிதத்தை மலாயில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது; பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. பகுதி எண்ணுக்கு மலாய்ச் சொல் ‘பெஞெபுட்’. ‘செபுட்’ என்றால் பெயர் சொல்வது. தொகுதி எண் ‘பெங்ஆங்கா’. ‘ஆங்கா’ என்றால் எண். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘டினாமினேட்டர்’ என்பதன் வேர், பெயர் என்று பொருள்படும் லத்தீன் சொல். ‘நியூமரேட்டர்’ என்றால் எண்ணிக்கை சொல்வது. ஆக, கீழே இருப்பது துண்டின் பெயர், மேலே இருப்பது அந்தத் துண்டுகளின் எண்ணிக்கை. 3/8 என்பது ‘எட்டில் ஒன்று’ என்ற பெயருள்ள துண்டு மூன்று. 5/8 என்பது அதே துண்டு ஐந்து. இரண்டையும் கூட்டினால் அதே துண்டு எட்டு. இங்கே பெயரைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வாழைப்பழமும் ஐந்து வாழைப்பழமும் எட்டு வாழைப்பழம் என்று சொல்லும்போது வாழைப்பழத்தை யாரும் இரட்டிப்பதில்லையே!

பெயர் வேறுபட்டால்தான் சிக்கல். 2 ரிங்கிட்டும் 30 சென்னும் சேர்ந்து 32 என்று யாரும் சொல்லமாட்டோம். 230 சென் என்போம். ரிங்கிட்டுக்கும் சென்னுக்கும் பொதுவான ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அதில் எண்ணுகிறோம். பின்னக் கூட்டலில் நடப்பதும் இது மட்டுமே.

மீண்டும் கேசரித் தட்டு. செவ்வகத் தட்டு என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக நடுவில் ஒரு கோடு கிழித்தால் இரண்டு பாதிகள். இப்போது இடமிருந்து வலமாக இரண்டு கோடுகள் கிழித்தால், அந்தத் திசையில் மூன்று சம பங்குகள். இரு திசைக் கோடுகளும் சேர்ந்து தட்டை ஆறு சம துண்டுகளாக்கிவிட்டன. பாதித் தட்டில் 3 துண்டுகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கில் 2 துண்டுகள். இப்போது எல்லாத் துண்டுக்கும் ஒரே பெயர்: ‘ஆறில் ஒன்று’. 3 துண்டும் 2 துண்டும் 5 துண்டு. விடை 5/6. கேசரி எங்கேயும் போகவில்லை.

இந்தக் குறுக்கு வெட்டு எந்த இரு பின்னங்களுக்கும் பலிக்கும். இரண்டு பகுதி எண்களையும் பெருக்கினால் ஒரு பொதுப் பகுதி எண் நிச்சயம் கிடைக்கும் என்பதன் காரணம் இதுவே. ஆனால் சில நேரம் தேவைக்கு மேல் வெட்டிவிடுகிறோம். 1/4, 1/6 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்கும் வெட்டினால் 24 துண்டுகள். அவ்வளவு பொடியாக்க வேண்டுமா?

யோசித்துப் பாருங்கள். கால் பங்கை எடுத்து அதை மட்டும் 2 ஆக வெட்டினால், தட்டு முழுவதற்கும் அந்த அளவில் 8 துண்டுகள். 3 ஆக வெட்டினால் 12. 4 ஆக வெட்டினால் 16. எப்படி வெட்டினாலும் 4-இன் மடங்குதான் வரும். ஆறில் ஒரு பங்கைத் தொடங்கி வெட்டினால் 6-இன் மடங்குகள் வரும்: 6, 12, 18, 24. இரண்டு வரிசையிலும் முதலில் சந்திக்கும் எண் 12. அதனால் 12 துண்டுகள் போதும். 1/4 என்பது 3/12, 1/6 என்பது 2/12, கூட்டினால் 5/12. முதலாம் படிவத்தில் ‘கண்டாஆன் செபுஞா தெர்கெச்சில்’ என்று படிக்கும் மீச்சிறு பொது மடங்கு இதுதான். அந்தப் பாடத்தில் எண்களை வரிசையாக எழுதி வட்டம் போடும்போது, உண்மையில் கேசரியை எவ்வளவு பெரிய துண்டுகளாக விட்டுவைக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

மீச்சிறு மடங்கைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமா? இல்லை. 24-ஐ எடுத்தாலும் 6/24 + 4/24 = 10/24, அதைச் சுருக்கினால் அதே 5/12. ‘மீச்சிறுமம் எடுக்காவிட்டால் தப்பு’ என்று சிலர் பயந்துகொண்டிருப்பது தேவையில்லாத பயம். எண்கள் பெரிதாகும்போது வேலை கூடும், அவ்வளவே. 7/36 + 5/48 என்ற கணக்கைப் பாருங்கள். பெருக்கிப் போனால் பகுதி எண் 1728. தொகுதி எண்கள் 336, 180. கூட்டினால் 516/1728. அதை 12-ஆல் சுருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு பாடு பட வேண்டும். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 36 என்பது 2×2×3×3; 48 என்பது 2×2×2×2×3. இரண்டுக்கும் இடம் கொடுக்க நான்கு 2-களும் இரண்டு 3-களும் போதும்: 144. அப்போது 28/144 + 15/144 = 43/144. சுருக்க ஒன்றுமில்லை.

ஆனால் மீச்சிறு மடங்கை எடுத்தாலே விடை எப்போதும் சுருங்கிய நிலையில் வரும் என்று நம்பிவிடாதீர்கள். 1/6 + 1/10 என்றால் மீச்சிறு மடங்கு 30; 5/30 + 3/30 = 8/30; இதை 4/15 என்று இன்னும் சுருக்க வேண்டியிருக்கிறது. தேர்வில் மதிப்பெண் நழுவும் இடம் இது.

இதுவரை ஒவ்வொரு கணக்குக்கும் தனியாகப் பொதுப் பகுதி எண்ணைத் தேடினோம். எப்போதைக்குமாக ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் என்ன? நாம் ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஒரு சோதனையில் 20-க்கு 17, இன்னொன்றில் 25-க்கு 21 எடுத்திருக்கிறீர்கள். எது மேல்? 85 விழுக்காடு, 84 விழுக்காடு என்றதும் தெரிந்துவிடுகிறது. விழுக்காடு என்பது 100-ஐப் பொதுப் பகுதி எண்ணாக நிரந்தரமாக அமர்த்திவிட்ட ஏற்பாடு. கடிகாரத்தில் அந்த நிரந்தர எண் 60. மணியில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுப்பாடம், கால் மணி வாசிப்பு என்றால், 20 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 35 நிமிடம் என்று யாரும் பென்சில் எடுக்காமலே சொல்லிவிடுவீர்கள். 1/3 + 1/4 = 35/60, அதாவது 7/12. பின்னம் வராது என்று சொல்பவர்களும் இதைத் தினமும் செய்கிறார்கள். 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணும் வழக்கம் பண்டைய மெசபொத்தேமியாவிலிருந்து நமக்கு வந்தது.

பண்டைய எகிப்தில் வேறு வழி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரிண்ட் பாப்பிரஸ் சுவடியை ஆமோஸ் என்ற எழுத்தர் ஏறத்தாழ கி.மு. 1550-இல் படியெடுத்தார். அதில் ஒரு கணக்கு: 2/3, 1/15 இரண்டையும் சேர்த்தபின், 1 ஆக இன்னும் எவ்வளவு வேண்டும்? அவர்கள் 15-ஐ அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். 15-இல் 2/3 என்பது 10, 1/15 என்பது 1, ஆக 11. மீதம் 4. அந்த நாலைக் 3, 1 என்று பிரித்து, 1/5, 1/15 என்று விடை சொல்கிறார்கள். இப்படித் துணையாக எடுத்துக்கொண்ட எண்களை எகிப்திய எழுத்தர்கள் சிவப்பு மையால் எழுதுவது உண்டு. ஆசிரியரின் திருத்தலுக்காக அல்ல, கணக்குப் போடுபவரின் வசதிக்காக!

இனி நம்முடைய வழக்கத்துக்கு வருவோம். கால், அரை, முக்கால் ஆகிய சொற்கள் இன்றும் நம் நாக்கில் இருக்கின்றன. ஆனால் பழைய தமிழ்க் கணக்கில் இவற்றுக்குக் கீழே ஒரு பெரிய குடும்பமே உண்டு. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்து இவற்றை மனப்பாடம் செய்தார்கள். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதிலும் பாதி வீசம், அதாவது 1/16. அதற்கே மாகாணி என்ற பெயரும் உண்டு. இது பாதி பாதியாக இறங்கும் ஒரு படிக்கட்டு. பக்கத்திலேயே இன்னொரு படிக்கட்டு இருக்கிறது. அது 1/20-இல் தொடங்குகிறது. அதன் பெயர் மா. வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கையும் மா என்றே சொல்வார்கள். மாவில் பாதி அரைமா, 1/40. அடுத்து காணி, 1/80. பிறகு அரைக்காணி, 1/160. கடைசியில் முந்திரி, 1/320. பாயசத்தில் போடும் முந்திரி அல்ல!

இப்போது தலைப்புக்கு வருவோம். மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள். 1/20 + 1/80. மீச்சிறு பொது மடங்கு 80. மா என்பது 4/80, காணி என்பது 1/80. கூட்டினால் 5/80. சுருக்கினால் 1/16. அந்த அளவின் பெயர் மாகாணி! மா, காணி, மாகாணி. ஒரு பின்னக் கூட்டல் கணக்கே விடையோடு சேர்ந்து சொல்லாக நிற்கிறது. இரண்டு படிக்கட்டுகளும் ஒன்றையொன்று தொடும் இடமும் இதுதான். 16-க்கும் 20-க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அந்த 80-க்குக் காணி என்று தனிப்பெயர் இருக்கிறது.

முந்திரியோ இன்னும் ஒரு படி மேல். அதை அளவாக வைத்தால் குடும்பம் முழுவதும் முழு எண்களாகிவிடும். காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. 320 முந்திரி சேர்ந்தால் ஒன்று. அரைக்காலையும் மாவையும் கூட்ட வேண்டுமா? 40 முந்திரியும் 16 முந்திரியும் 56 முந்திரி. 56/320 என்பதைச் சுருக்கினால் 7/40. 1/8 + 1/20 என்று நம் வழியில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென் இல்லாமல் ரிங்கிட் கணக்கு எப்படி நடக்காதோ, அப்படித்தான் அந்தக் கணக்கர்களுக்கு முந்திரி. இந்த அளவுகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடுகளும் இருந்தன. 2019-இல் யூனிகோட் எழுத்துத் தொகுப்பில் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்தபோது, அந்தத் தொகுதியில் முதல் இடம் முந்திரியின் குறிக்கே கிடைத்தது.

பெருமைப்படலாம். ஆனால் முந்திரிக்கும் ஒரு தோல்வி உண்டு. மூன்றில் ஒன்றை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். 320-ஐ 3-ஆல் வகுத்தால் 106 முந்திரியும், ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டும் மிஞ்சும். அதற்கும் கீழே போகக் கீழ்முந்திரி என்று ஓர் அளவு உண்டு. முந்திரியில் 320-இல் ஒரு பங்கு. அதில் பார்த்தாலும் 213 போக மறுபடி மூன்றில் ஒன்று மிஞ்சுகிறது. எத்தனை முறை இறங்கினாலும் தீராது. காரணத்தைப் பகாக் காரணிகள் காட்டிக்கொடுத்துவிடும். 320 என்பது ஆறு 2-களும் ஒரு 5-உம் பெருக்கி வந்த எண். அதற்குள் 3 இல்லை. 100-க்குள்ளும் 3 இல்லை; அதனால்தான் 1/3 ரிங்கிட்டைச் சென்னில் எண்ணினால் 33.333… என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. 60-க்குள் 3 இருக்கிறது. அதனால் கடிகாரம் மூன்றில் ஒன்றை 20 நிமிடமாக அழகாகக் கொடுக்கிறது. ஆனால் அதற்குள் 7 இல்லை. ஒரு மணி நேரத்தை ஏழு பேருக்குப் பகிர்ந்தால் நிமிடமும் சரிவராது, நொடியும் சரிவராது. 60, 100, 320 என்று எந்த எண்ணை நிரந்தரமாக வைத்தாலும், அதற்குள் இல்லாத ஒரு பகா எண் எங்கோ காத்திருக்கும். பகா எண்களுக்கு முடிவு இல்லை என்பதால், எல்லாப் பின்னத்துக்கும் போதுமான ஒரே பொதுப் பகுதி எண் எக்காலத்திலும் கிடைக்காது. தையற்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுப்பதைப் போல, பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் மீச்சிறு மடங்கைப் புதிதாகத் தேடச் சொல்வது இதனால்தான்.

கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எண்கள் மட்டும் இருக்கும்வரை கேள்வி நியாயமானது. ஆனால் மேல் படிவங்களில் பகுதி எண்ணாக எழுத்துகள் வந்துவிடும். 1/அ + 1/அ² என்ற கோவையைப் பாருங்கள். பெருக்கிப் போனால் பகுதி அ³. ஆனால் அ² என்பதற்குள்ளேயே அ இருக்கிறது. எனவே அ² போதும். விடை (அ + 1)/அ². 36-க்கும் 48-க்கும் செய்த அதே வேலை. எண்ணில் புரியாமல் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இயற்பியலிலும் இது வரும். 4 ஓம், 6 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால், மொத்த மின்தடையின் தலைகீழி 1/4 + 1/6. மேலே பார்த்த அதே 5/12! ஆனால் விடை 5/12 ஓம் அல்ல. இன்னும் ஒரு முறை தலைகீழாக்க வேண்டும்: 12/5, அதாவது 2.4 ஓம். சரியாகக் கூட்டிவிட்ட மகிழ்ச்சியில் இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுபவர்கள் உண்டு. ஒரு சின்னச் சோதனை கைகொடுக்கும்: பக்க இணைப்பில் மொத்த மின்தடை, இருப்பவற்றில் சிறியதைவிடக் குறைவாக இருக்கும். 2.4 என்பது 4-ஐவிடக் குறைவு, அது பொருந்துகிறது. 5/12-உம் 4-ஐவிடக் குறைவுதானே என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சோதனை. இரண்டுமே 4 ஓம் என்றால் மொத்தம் 2 ஓம். இங்கே ஒன்று 6 ஓம் என்பதால் விடை 2-ஐவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். 5/12 அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்த வாரத்துக்குள் செய்து பார்க்க ஒரு கணக்கு. பழைய பட்டியலில் நாலுமா என்றால் நான்கு மா, அதாவது 1/5. நாலுமாவோடு வீசத்தைக் கூட்டினால் எத்தனை முந்திரி? அதையே காணியில் சொன்னால் எத்தனை காணி? இரண்டில் எது மீச்சிறு பொது மடங்கு கொடுக்கும் விடை?